ஆயிரம் கெஜமும் அலைக்கழிக்கும் காற்றும்: நெடுந்தூர ரைஃபிள் போட்டி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படுவது எந்தப் போட்டி?

இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் பிஸ்லி என்ற ஊரில் ஆண்டுதோறும் ஜூலை மாதம் நடக்கும் இம்பீரியல் மீட்டிங் என்ற போட்டித் தொடரை மனத்தில் வைத்தே பதில்களை எழுதியிருக்கிறேன். 1860இல் விம்பிள்டன் திடலில் விக்டோரியா அரசி முதல் குண்டைச் சுட்டுத் தொடங்கிவைத்த தொடர் இது. 1890இல் பிஸ்லிக்கு இடம் மாறியது.

தொடரின் உச்சம் கிங்ஸ் பிரைஸ். இரண்டாம் எலிசபெத் அரசியின் காலத்தில் அது குயின்ஸ் பிரைஸ். முதல் சுற்றில் 300, 500, 600 கெஜத் தொலைவுகளில் தலா 7 குண்டுகள். அதில் தேறும் 300 பேர் இரண்டாம் சுற்றில் அதே தொலைவுகளில் தலா 10 குண்டுகள் சுடுவார்கள். அவர்களில் முதல் 100 பேர் கடைசிச் சனிக்கிழமை ஸ்டிக்கிள்டவுன் சுடுதளத்தில் 900, 1000 கெஜத்தில் தலா 15 குண்டுகள் சுடுவார்கள். இரண்டாம் சுற்றும் இறுதிச் சுற்றும் சேர்த்து மொத்தம் 300 புள்ளிகள். வென்றவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தோளில் சுமந்து செல்வது மரபு. 1930இல் மார்ஜரி ஃபாஸ்டர் அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் பெண்.

குப்புறப் படுத்து, தோல் வாரைக் கையில் இறுக்கி, ஒவ்வொரு தோட்டாவாக நிரப்பிச் சுட வேண்டும். ரைஃபிளில் தொலைநோக்கி கிடையாது. துளை வழியாகக் குறிபார்க்கும் சைட் மட்டும்தான்.

ஆயிரம் கெஜத்தில் காற்று குண்டை எவ்வளவு தள்ளும்?

ஆயிரம் கெஜம் என்பது 914 மீட்டர். அங்கே ஐந்து புள்ளி தரும், ‘புல்’ (bull) எனப்படும் நடு வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 2 அடி. அதாவது நடுவிலிருந்து எந்தப் பக்கமும் 30 சென்டிமீட்டர்தான் இடம்.

இங்கே சுடுவது 7.62 மில்லிமீட்டர் ரைஃபிள். 155 கிரெய்ன் எடையுள்ள குண்டு நொடிக்குச் சுமார் 900 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுக் கிளம்புகிறது. மணிக்கு 10 மைல் வேகத்தில் நேர் பக்கவாட்டில் காற்று அடித்தால், இலக்கை அடைவதற்குள் அந்தக் குண்டு இரண்டேகால் மீட்டருக்கு மேல் விலகியிருக்கும். 10 மைல் என்பது புயல் அல்ல. மரத்தின் சிறு கிளைகளை அசைக்கும் சாதாரணக் காற்று.

இதைச் சுருக்கி நினைவில் வைக்கலாம்: மணிக்கு ஒரு மைல் காற்றுக்கு 23 சென்டிமீட்டர் விலகல். காற்றைக் கணிப்பதில் ஒன்றரை மைல் பிசகினால் புல் போய்விடும், எவ்வளவு நேர்த்தியாகச் சுட்டிருந்தாலும். இந்தப் போட்டியில் தோட்டாவைப் போட்டி நடத்துவோரே வழங்குவதால் அதிலும் பெரிய வேறுபாடு இல்லை. முன்னணியில் இருக்கும் எல்லோருமே நன்றாகச் சுடுபவர்கள்தான். அவர்களை முதலிடம், ஐம்பதாம் இடம் என்று பிரிப்பது காற்றைக் கணிக்கும் திறன் மட்டுமே.

ஒலியைவிட வேகமாகப் போகும் குண்டைக் காற்று எப்படி இவ்வளவு தள்ள முடியும்?

குண்டின் பக்கவாட்டில் காற்று மோதித் தள்ளுவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. சுழன்றுகொண்டே போகும் குண்டு, தன் மூக்கை எதிர்ப்படும் காற்றின் பக்கம் மெல்லத் திருப்பிக்கொள்கிறது. அதனால் காற்றுத்தடை அதை நேர் பின்னோக்கி இழுக்காமல், சற்றே பக்கவாட்டாக இழுக்கிறது. எனவே, குண்டு எவ்வளவு வேகம் இழக்கிறது என்பதில்தான் விலகல் அடங்கியிருக்கிறது.

ஒரு கணக்கு பாருங்கள். காற்றே இல்லாத வெற்றிடமாக இருந்தால் 914 மீட்டரை இந்தக் குண்டு ஒரு நொடியில் கடந்துவிடும். உண்மையில் அதற்கு ஒன்றரை நொடிக்குச் சற்று அதிகம் ஆகிறது. தாமதம் அரை நொடிக்குச் சற்று மேல். மணிக்கு 10 மைல் என்பது நொடிக்கு நாலரை மீட்டர். தாமதத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் அதே இரண்டேகால் மீட்டர் வந்து நிற்கிறது. வேகத்தை எளிதில் இழக்காத நீண்ட, ஒல்லியான குண்டுகளை நெடுந்தூரப் போட்டியாளர்கள் விரும்புவதற்குக் காரணம் இதுதான்.

காற்று சாய்வாக அடித்தால் எப்படிக் கணக்கிடுவது?

கடிகார முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இலக்கு இருப்பது 12 மணித் திசை. 3 மணி, 9 மணித் திசைக் காற்றுக்கு முழு மதிப்பு. 1 மணித் திசைக் காற்றுக்குப் பாதி மதிப்பு. 1 மணிக்கும் 2 மணிக்கும் நடுவே, அதாவது 45 பாகையில் வரும் காற்றையும் பாதி என்று கணக்கிடுவது புதியவர்களின் வழக்கம். அது பாதி அல்ல, பத்தில் ஏழு பங்கு. 2 மணித் திசைக்கு வந்துவிட்டால் கிட்டத்தட்ட ஒன்பது பங்கு.

எந்தக் காற்று மிகவும் ஏமாற்றும்?

பலமான காற்று என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அனுபவசாலிகள் அஞ்சுவது, முகத்துக்கு நேரே வந்து மீன் வாலைப் போல இடமும் வலமும் மாறி மாறி அசையும் காற்றுக்கு. முதுகுப் பக்கமிருந்து வந்தாலும் அதே தொல்லைதான்.

மணிக்கு 10 மைல் காற்று 3 மணித் திசையில் அடிக்கிறது. திடீரென 15 பாகை திரும்புகிறது. குண்டு விழும் இடம் 8 சென்டிமீட்டர் மாறும். புல்லுக்குள்ளேயே இருக்கும், நீங்கள் கவனிக்காமலே போகலாம். அதே காற்று 12 மணித் திசையிலிருந்து அதே 15 பாகை திரும்பினால் மாற்றம் 60 சென்டிமீட்டர். புல்லிலிருந்து முழுதாக வெளியே! மறுபக்கம் 15 பாகை திரும்பினால் எதிர்த் திசையில் இன்னொரு 60. காற்றைக் காட்டச் சுடுதளத்தில் நட்டிருக்கும் கொடியின் வேகத்தில் எந்த மாற்றமும் தெரியாது. தூக்கிய உயரம் அப்படியே இருக்கும். நுனி மட்டும் கொஞ்சம் இடம் மாறியிருக்கும்.

இந்த நிலையில் கொடி எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, அதன் நுனி கம்பத்துக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். காற்றை நடுக்கோட்டில் நிறுத்திச் சுட முயல வேண்டாம். ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, கொடி அந்தப் பக்கம் வந்து நிலைக்கும்போது மட்டும் விசையை இழுப்பதே நல்லது.

பல கொடிகள் பல திசையில் பறக்கின்றன. எதை நம்புவது?

உங்களுக்கு அருகில் இருக்கும் காற்றுக்கு முதலிடம் கொடுங்கள். தொடக்கத்திலேயே பக்கவாட்டில் ஒரு சிறு விலகல் கிடைத்தால், மீதித் தூரம் முழுவதும் குண்டு அதைச் சுமந்துகொண்டே போகும். இலக்கை ஒட்டி அடிக்கும் காற்றுக்கு வேலை செய்ய நேரமே இல்லை. போதாக்குறைக்கு, இலக்குகளுக்குப் பின்னால் உள்ள மண்மேட்டில் மோதித் திரும்பும் காற்று அங்குள்ள கொடிகளை மனம்போல ஆட்டும்.

ஆனால் ஒரு திருத்தம். ஆயிரம் கெஜத்துக்குச் சுடும் குண்டு நேர்கோட்டில் போவதில்லை. பாதி வழியைத் தாண்டிய இடத்தில் பார்வைக் கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 4 மீட்டர் உயரத்தில் பறக்கிறது. தரையை விட்டு உயர உயரக் காற்று வலுக்கும். எனவே நடுவழிக் கொடிகளையும் தள்ளிவிடக் கூடாது. அருகில் ஒன்று, நடுவில் ஒன்று என இரண்டு கொடிகளைத் தேர்ந்துகொண்டு கடைசி வரை அவற்றையே பார்ப்பது நல்லது. பத்துக் கொடிகளைப் பார்ப்பவர் எதையும் பார்ப்பதில்லை.

மழையில் நனைந்த கொடி கனத்துத் தொங்கும். அதைப் பார்த்துக் காற்று குறைந்துவிட்டதாக முடிவு கட்டாதீர்கள்.

கானலைப் பார்த்துக் காற்றைக் கணிப்பது எப்படி?

வெயில் நாளில் இதைவிட நம்பகமான வழி இல்லை. தரையில் நிறுத்திய தொலைநோக்கியை முதலில் இலக்கின் மீது தெளிவாகப் பொருத்துங்கள். பிறகு குவியத்தை உங்கள் பக்கம் சற்றே பின்னுக்குக் கொண்டுவாருங்கள். இலக்கின் விளிம்பு லேசாக மங்கும்; அதே நேரம் பாதி வழியில் உள்ள வெப்பக் காற்று, தெளிந்த ஓடை நீர்போல ஓடுவது தெரியத் தொடங்கும்.

மென்காற்றில் அலைகள் சாய்ந்து, சோம்பலாக நகரும். காற்று ஏற ஏற அவை தட்டையாகி விரைந்து ஓடும். மணிக்குப் பன்னிரண்டு மைலைத் தாண்டினால் ஒரே தட்டையாகத் தெரியும்; அதற்கு மேல் வேகத்தைப் பிரித்தறிய முடியாது, கொடிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அலைகள் எந்தப் பக்கமும் ஓடாமல் நேர்மேலே கொதித்து எழுந்தால் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். பக்கக் காற்று அந்தக் கணத்தில் இல்லை என்று பொருள். பெரும்பாலும், அது திசை மாறப் போவதற்கு முந்தைய கணமும் அதுவே. கொதிக்கும்போது சுட ஆசை வரும், காற்றே இல்லையே என்று. விரல் விசையை இழுத்து முடிப்பதற்குள் ஓட்டம் மறுபக்கம் தொடங்கியிருக்கும்.

பக்கக் காற்று குண்டை மேலும் கீழும் நகர்த்துமா?

நகர்த்தும். வலப்புறம் சுழற்றிவிடும் குழலில், வலமிருந்து வரும் காற்று குண்டை இடப்புறம் தள்ளுவதோடு சற்று மேலேயும் ஏற்றும். இடமிருந்து வரும் காற்று வலப்புறம் தள்ளிச் சற்றுக் கீழே இறக்கும். கடுங்காற்றில் சுட்ட இலக்கைப் பார்த்தால் துளைகள் இட மேல் மூலையிலிருந்து வலக் கீழ் மூலைக்குச் சாய்ந்து கிடப்பதைக் காணலாம். ‘மூச்சைச் சரியாகப் பிடிக்கவில்லை’ என்று தன்னையே நொந்துகொள்பவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன்.

குண்டு வெளியே விழுந்தால் உடனே சைட்டைத் திருத்த வேண்டுமா?

இங்கேதான் அதிகம் பேர் புள்ளிகளை இழக்கிறார்கள். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சைட்டில் திருத்தத்தை மினிட் என்ற அளவில் வைக்கிறோம். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு மினிட்; ஆயிரம் கெஜத்தில் அது 26 சென்டிமீட்டர் போல வரும். கால் மினிட்டுக்கு ஒரு கிளிக்.

இப்படி ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். இடமிருந்து காற்று; சைட்டில் 6 மினிட் இடப்பக்கம் வைத்திருக்கிறீர்கள். முந்தைய குண்டு நடு வட்டத்தில். அடுத்ததும் நன்றாகத்தான் கிளம்பியது. இலக்கு கீழே இறங்கி மேலே வருகிறது. குண்டு விழுந்த இடத்தைக் காட்டும் வெள்ளை வட்டு வலப்பக்கம் 45 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. நான்கு புள்ளி. கை தானாகவே குமிழுக்குப் போகும்: இரண்டு மினிட் கூட்டு, 8 ஆக்கு! கூட்டிவிட்டுச் சுடுகிறீர்கள். இந்த முறை வட்டு இடப்பக்கம் 50 சென்டிமீட்டர். மறுபடியும் நான்கு.

என்ன நடந்தது? நீங்கள் சுட்ட நொடியில் ஒரு வீச்சு வந்தது. இலக்கு இறங்கி ஏறுவதற்குள் போய்விட்டது. கடந்துபோன காற்றுக்கு மருந்து கொடுத்து, நிலவும் காற்றில் சுட்டீர்கள். இப்படியே ஆறு குண்டுகள் இடமும் வலமுமாகத் துரத்திக்கொண்டு போனவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அவர்களின் ரைஃபிளிலும் குறையில்லை, சுடுவதிலும் குறையில்லை. மனம் வலிக்கும்.

வட்டு எங்கே இருக்கிறது என்று பார்க்கும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். விசை விட்ட கணத்தில் முன் சைட் எங்கே நின்றது? அந்தக் கணத்தில் கொடி எப்படி இருந்தது? சைட் வலப்பக்கம் நழுவியிருந்தால் அது உங்கள் பிழை, காற்றுக்கணக்கைத் தொடாதீர்கள். சைட் நடுவில் நின்று, கொடி ஏறியிருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. இப்போது கொடி எப்படி இருக்கிறதோ அதற்கு ஏற்றபடி வையுங்கள். இரண்டுக்கும் விடை தெரியாவிட்டால் பாதி மட்டும் திருத்துங்கள். நல்ல ரைஃபிளும் நல்ல கையும் சேர்ந்தாலும் ஆயிரம் கெஜத்தில் துளைகள் ஒரு மினிட்டுக்கு மேல் சிதறத்தான் செய்யும். அந்தச் சிதறலைக் காற்று என்று எண்ணித் துரத்தினால் முடிவே இல்லை.

சுடத் தொடங்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

உங்கள் முறைக்குக் கால் மணி நேரம் முன்பே சுடுகோட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து காற்றின் எல்லைகளைக் கண்டுபிடியுங்கள். மிகக் குறைவாக வீசும்போது எத்தனை மினிட் வேண்டும், மிக அதிகமாக வீசும்போது எத்தனை மினிட் வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். இடையே நான்கு மினிட் வேறுபாடு என்றால், படுத்த பிறகு அந்த நான்குக்குள்தான் விளையாட்டு. இந்த எல்லை தெரிந்தவருக்குப் பதற்றம் பாதி குறைந்துவிடும். பிஸ்லியில் கணக்கில் சேராத இரண்டு சோதனைக் குண்டுகளும் உண்டு. அவை நன்றாக விழுந்தால் விரும்பிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

இருவர் மாறி மாறிச் சுடுவது, ஒருவரே தொடர்ந்து சுடுவது: காற்றைச் சமாளிக்க எது எளிது?

பிஸ்லியில் ஓர் இலக்குக்கு இரண்டு அல்லது மூன்று பேர். ஒருவர் சுட்டதும் மற்றவர். உங்கள் முறை வந்தால் 45 நொடிக்குள் சுட்டாக வேண்டும். நல்ல காற்றுக்காகக் காத்திருப்பதற்கு அவ்வளவுதான் இடம். எந்தக் காற்று வந்தாலும் அதைக் கணித்துச் சுடத் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் சுடுபவரின் வட்டையும் பாருங்கள். அவர் உங்களுக்கு இலவச ஆசிரியர். ஆனால் அவர் கை நழுவியதா, காற்று தள்ளியதா என்பது உங்களுக்குத் தெரியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

அமெரிக்கப் போட்டிகளில் ஒருவரே தம் குண்டுகள் அனைத்தையும் மொத்த நேரத்துக்குள் சுட்டு முடிப்பார். அங்கே காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்ற கதைதான்: ஒரே நிலையில் வீசும் சில நிமிடங்கள் கிடைத்தால் அதற்குள் வேகமாகச் சுட்டு முடிக்கலாம், கெட்டுப்போனால் நிறுத்திவிட்டுக் காத்திருக்கலாம். எனக்குப் பிஸ்லி முறைதான் பிடிக்கும். அங்கே காற்றுக்கு ஒளிந்துகொள்ள முடியாது.

எதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும்?

ஒவ்வொரு குண்டுக்கும் சைட்டில் வைத்த மினிட், குண்டு விழுந்த இடம், அதிலிருந்து கணக்கிட்டால் உண்மையில் தேவைப்பட்டிருந்த மினிட். மூன்றாவதுதான் பொன். வரைபடத்தில் அதைக் கோடாக இழுத்தால் காற்று எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

தவறான இலக்கில் சுட்டுவிட்டால்?

சுழியம். ஸ்டிக்கிள்டவுனில் ஒரே மாதிரி ஐம்பது இலக்குகள் வரிசையாக நிற்கின்றன. கொடியையும் சைட்டையும் எண்களையும் மனத்தில் ஓட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்து இலக்குக்குக் கண் போய்விடுவது நடக்கக்கூடியதே. 1874இல் நியூயார்க் அருகே கிரீட்மூரில் அயர்லாந்தும் அமெரிக்காவும் மோதிய புகழ்பெற்ற போட்டியில் அயர்லாந்தின் மில்னர் அருமையாக ஒரு புல் அடித்தார், பக்கத்து இலக்கில். அமெரிக்கா 934, அயர்லாந்து 931. அந்த ஒரு குண்டு சரியான இலக்கில் விழுந்திருந்தால் முடிவே மாறியிருக்கும். ஒவ்வொரு முறையும் விசையைத் தொடும் முன் இலக்கின் எண்ணை உதட்டசைத்துப் படியுங்கள்.

அணிப் போட்டியில் காற்றை யார் கணிப்பது?

பயிற்சியாளர். அவர் தொலைநோக்கியில் கண் வைத்து, சைட்டைத் தானே திருப்பிவைத்து, ‘சுடு’ என்பார். சுடுபவர் உடனே சுட வேண்டும். தயங்கினால் அவர் கண்ட காற்று போய்விடும். 1876இல் தொடங்கிய பால்மா போட்டி இந்த வகையின் உச்சம்: 800, 900, 1000 கெஜம். பிஸ்லியிலேயே கோலாப்பூர் அரசர் விக்டோரியா காலத்தில் அளித்த கோப்பைக்காக இன்றும் அணிகள் மோதுகின்றன.

காற்றுக்குப் பெயர்போன வேறு களங்களில் நியூசிலாந்தின் டிரென்தம் முக்கியமானது. மலைகளுக்கு நடுவே பள்ளத்தாக்கில் காற்று முறுக்கிக்கொண்டு வரும். பால்மா 2019இல் அங்கேதான் நடந்தது. அமெரிக்காவின் கேம்ப் பெர்ரியில் ஈரி ஏரி வெயில் ஏற ஏறக் காற்றை மாற்றிக்கொண்டே இருக்கும்.

மழை பெய்தால்?

தோட்டாவையும் குழலின் அறையையும் ஈரம் படாமல் காத்துக்கொள்ளுங்கள். ஈரத் தோட்டா அழுத்தத்தைக் கூட்டும். குண்டு மேலே போகும்.

கையடக்கக் காற்றுமானி வாங்கலாமா?

பயிற்சிக்கு வாங்கலாம். தரைப்புல்லின் அசைவையும் கொடியின் சாய்வையும் பார்த்து முதலில் ஓர் எண்ணைச் சொல்லுங்கள், பிறகு மானியைப் பாருங்கள். கண் விரைவில் பழகும். ஆனால் மானி காட்டுவது நீங்கள் நிற்கும் இடத்துக் காற்றை மட்டுமே.

இந்தியாவில் இருப்பவர் இதைக் கற்க முடியுமா?

ஆயிரம் கெஜம் சுடும் வாய்ப்பு அங்கே அரிது. ஆனால் டெல்லி கர்ணி சிங் தளத்தில் உள்ளதைப் போன்ற திறந்தவெளி 50 மீட்டர் களம் போதும். உரிமம், பயிற்சி, பாதுகாப்பு எல்லாம் அங்கீகாரம் பெற்ற சங்கம் வழியாகத்தான் நடக்க வேண்டும். அதற்குக் குறுக்குவழி தேடாதீர்கள். 50 மீட்டரில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். மணிக்கு 10 மைல் பக்கக் காற்று சிறு ரகக் குண்டை அதற்கு வெளியே தள்ளிவிடும். 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் சிறு கொடிகள் இருக்கும். காற்று அடங்கும் வரை காத்திருந்து சுடும் பழக்கத்தை வாரத்தில் ஒரு நாளாவது விட்டுவிட்டு, வீசும் காற்றுக்கு ஏற்பச் சைட்டைத் திருப்பிச் சுடுங்கள். ஒவ்வொரு குண்டுக்கும் மேலே சொன்ன மூன்று எண்களையும் எழுதுங்கள்.